ஆமாம் போடாத மதுரம்

சிம்மக்கல், மதுரை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு முழங்கால் வலியைக் காரணம் சொல்லலாம். ஆனால் உண்மை அதுவன்று. திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில் பழைய இசைத்தட்டு விற்கும் ஒருவர், பல ஆண்டுகளாகத் தம்மிடம் சேர்ந்த என்.எஸ். கிருஷ்ணன் பாட்டுகளையெல்லாம் கணினியில் ஏற்றி, தொகுப்பாக்கி, ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். இரண்டு வாரமாக எங்கள் வீட்டில் ஓடுவது அதுதான். சமையலறையிலிருந்து முதலில் முணுமுணுப்பு வந்தது; இப்போது சிரிப்புச் சத்தம் வருகிறது.

நாமெல்லாம் டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்தே சிரித்தவர்கள். முகம் இல்லாமல் குரலை மட்டும் கேட்கும்போதுதான், அவர் முதலில் பாட்டுக்காரர், நகைச்சுவை அதற்குப் பிறகு வந்தது என்பது எனக்கு உறைத்தது. 1908-இல் உங்கள் நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். கோயில் கொடைகளில் வில்லடி கேட்டு வளர்ந்த காது அது. வில்லுப்பாட்டில் புலவர் வீசுகோலை நாணில் தட்டி ஒரு வரி சொன்னால், பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ என்று தாங்கிப் பிடிப்பாரே, அந்த இடைவெளியை அவர் திரைப்பாட்டுக்குள்ளும் கூடவே கொண்டுவந்திருக்கிறார். ஒரு வரி முடிந்ததும் அரைத் தாளம் காத்திருக்கிறார். சிரிப்பு விளைவது அந்தக் காத்திருப்பில்தான்.

ஆனால் அந்த இடத்தில் வந்து உட்காருகிற, அவருடைய மனைவியும் திரை ஜோடியுமான டி.ஏ. மதுரம் ஆமாம் போடுவதில்லை. மறுக்கிறார், மடக்குகிறார், அவர் சொன்ன சொல்லையே திருப்பி அவர் மேல் வீசுகிறார். ஒத்து ஊதுவதற்கென்று இருந்த ஆசனத்தில் எதிர்வழக்காடும் ஒரு பெண்ணை உட்கார வைத்ததுதான் அந்த இணையரின் பெரிய கண்டுபிடிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. நீ வில்லுப்பாட்டோடு பழகியவன், தவறென்றால் எழுது.

கிருஷ்ணனின் உச்சரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் மதுரைக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் உரிமை கொண்டாடுவேன். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் இங்கே தொடங்கிய, சிறுவர்கள் நடிக்கும் நாடகக் குழுவான பாலர் சபையில் பயின்றவர்கள்தாம் டி.கே.எஸ். சகோதரர்கள், பின்னர் அவர்கள் 1925-இல் தாமே தொடங்கிய மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையில்தான் கிருஷ்ணன் சேர்ந்தார். ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாட வேண்டிய பள்ளி அது. அதனால்தான் அரக்குத் தட்டின் கரகரப்புக்கு நடுவிலும் ஓர் எழுத்துகூடக் காதுக்குத் தப்பவில்லை.

1940-இல் வந்த ‘சகுந்தலை’யை நினைத்துப் பார். ஒரு பக்கம் ஜி.என். பாலசுப்பிரமணியம், எம்.எஸ். சுப்புலட்சுமி, அதே படத்தில் மீனவர்களாகக் கிருஷ்ணனும் டி.எஸ். துரைராஜும். அத்தனை பெரிய சங்கீதத்துக்கு அருகில் கூசாமல் நின்று பேர் வாங்குவதற்குக் கோமாளித்தனம் மட்டும் போதாது. தாளம் கையில் இருக்க வேண்டும்.

‘கிந்தனார்’ காலட்சேபத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 1949-இல் ‘நல்லதம்பி’யில் வந்தது. நந்தனார் சிதம்பரத்துக்குப் போக ஏங்கினார்; கிந்தன் ஏங்குவது பள்ளிக்கூடத்துக்கு. சாதியின் பெயரால் ஊரில் படிக்க வழியில்லாத பையன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து, கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். பாகவதர்களின் குழைவு, பின்பாட்டு, நடுநடுவே அவர்கள் உதிர்க்கும் ஆங்கிலச் சொற்கள் எல்லாவற்றையும் கேலி செய்துகொண்டே, அந்தக் கலையின் இலக்கணத்தை ஓரிடத்திலும் அவர் மீறவில்லை. ரயில் வரும் இடத்தில் தாளமே சக்கரமாகிவிடுகிறது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் சிறைக்குப் போய், 1947-இல் விடுதலையாகி வந்தவர் பாடியது இது. அதற்கு முந்தைய பாட்டுகளில் இருக்கும் துள்ளல் இதில் சற்று அடங்கியிருக்கிறது, குரல் கனத்திருக்கிறது. என் காது அப்படிச் சொல்கிறது, உன் காது வேறு சொல்லலாம்.

தொகுத்தவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. இரைச்சலை நீக்குகிறேன் என்று, பாட்டுக்கு முன் அவர் மூச்சிழுக்கும் ஒலியையும் சேர்த்து வழித்தெடுத்துவிட்டார். தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடந்தான். அதற்குள் ஒரு சண்டையைத் தொடங்கி முடிக்க வேண்டிய அவசரம் அந்தப் பாட்டுகளின் அழகில் பாதி. இவரோ பக்கங்களை ஒட்டித் தைத்து, திருப்பிப் போடும் இடமே தெரியாமல் ஆக்கியிருக்கிறார். சொன்னேன், சிரித்தார்.

ஒழுகினசேரியில் உன் தாய்மாமா வீட்டுப் பரணில் ஒரு தட்டுப் பெட்டி இருந்ததாக முன்பு சொன்னாய். இன்னும் இருந்தால், எடுத்தவுடன் துடைக்காதே. படுக்க வைத்து அடுக்காமல் நிமிர்த்தி வை. சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது மடியில் வைத்து எடுத்து வா. ஊசி வாங்கி வைத்திருக்கிறேன்.

உன்
ராமலிங்கம்