கடலோரப் பண்ணை விடுதிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூருக்குத் தெற்கே, கடலோர மணல் நிலத்தில் பண்ணை விடுதி நடத்துகிறவர்களுக்கும் இனி கட்டப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் விளம்பரங்களில் 'பசுமை விடுதி' என்று போடுகிறீர்கள். மூங்கில் பிரஷ், காகித ஸ்ட்ரா, துண்டைத் தினமும் துவைக்கப் போட வேண்டாம் என்று கட்டில்மேல் ஓர் அட்டை. நல்லதுதான். ஆனால் உச்சி வெயிலில் புல்தரைக்குத் தண்ணீர் சுழற்றியடித்துக்கொண்டிருக்க, அந்த அட்டையைப் படித்தால் சிரிப்புத்தான் வருகிறது.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர மீட்டர் புல்லுக்கு ஒரு நாளைக்கு 5 மி.மீ. விட்டாலே 5,000 லிட்டர். நூறு சதுர மீட்டர் நீச்சல் குளத்தில் அதே அளவு ஆவியானால் 500 லிட்டர், ஒருவரும் குளிக்காமலே போய்விடும். துண்டு துவைப்பதில் மிச்சம் பிடித்தது எந்த மூலைக்கு?

இந்த மண்ணில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீரின்மேல் மிதக்கும் மெல்லிய அடுக்கு. ஓரிடத்தில் போர் போட்டு ஓயாமல் இறைத்தால் கீழிருந்து உப்பு மேலேறும். ஏறிய உப்பு லேசில் இறங்காது. உங்களுக்கு ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது, சமாளித்துவிடுவீர்கள். அது கழித்துவிடும் உவர்நீரையும் தோட்டத்து மூலையிலேயே விட்டால், அதுவும் அதே மணலில்தான் இறங்கும். பக்கத்துக் கொல்லையில் மல்லாட்டை (வேர்க்கடலை) போட்டவர் என்ன செய்வார்?

புல்தரையே வேண்டாம் என்பது என் கருத்து. முந்திரியும் பனையும் நின்ற இடத்தை மொட்டையடித்துவிட்டு அயல்நாட்டுப் புல் விரிப்பது என்ன அழகோ, எனக்குப் புரிவதில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி வந்த தானே புயலில் இந்த மாவட்டம் இழந்த முந்திரியும் பலாவும் கொஞ்சமா? மிஞ்சிய மரத்தையாவது விட்டுவைத்து, அதன் நிழலில் கட்டில் போடுங்கள். சென்னையிலிருந்து வருகிறவருக்கு அதுவே பெரிய விஷயம்.

கழிவுநீருக்கு வெளியூர் நிபுணரைத் தேட வேண்டியதில்லை. நொச்சிக்காடு, தியாகவல்லி பக்கம் காலங்காலமாக வெட்டிவேர் போடுகிறார்கள். ஆழமாக வேர்விடும் அந்தப் புல்லைக் கல்லும் மணலும் நிரப்பிய தொட்டியில் நட்டு, குளியலறைத் தண்ணீரை அதன் வழியே விட்டால் மரங்களுக்குப் பாய்ச்சலாம். கழிவறைத் தண்ணீரை மட்டும் முதலில் செப்டிக் டேங்கில் தெளியவிட்டு அனுப்ப வேண்டும். அடிப்பாகம் பூசாத குழியில் விட்டால் அது நேரே நிலத்தடி நீருக்குத்தான் போகும். மணலில் இதை மறைக்க முடியாது. நாற்று விற்பதும் தொட்டி பராமரிப்பதும் உள்ளூர்க்காரருக்கு வேலையாகவும் ஆகும்.

மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே தமிழ்நாட்டில் கட்டாயம். இருநூறு சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 1,200 மி.மீ. பெய்தால் 2,40,000 லிட்டர். அதில் பாதியைப் பிடித்தாலும் போதும். பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையில்தான் கொட்டும் என்பதால் ஐப்பசிக்கு முன்பே குழாய்களைச் சுத்தம் செய்து வையுங்கள்.

அப்புறம், கேட்பது ஒன்றே ஒன்று. போரில் மீட்டர் பொருத்தி, தினசரி எவ்வளவு இறைத்தீர்கள் என்பதை வரவேற்பறையில் எழுதிப் போடுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். அதற்கு ஒரு வாரம் முன்னதாக ஆண்டுக் கணக்கை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். சபையில் படிக்கச் சொல்லி நாங்கள் கேட்போம்.

இப்படிக்கு,
உங்கள் வேலிக்கு அடுத்த கொல்லைக்காரன்