மரக் கிளாரினெட் வாங்கப்போகும் மகளுக்கு

திருச்சி

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். லீட்ஸில் நீ சேர்ந்திருக்கும் பேண்டில் இரண்டாம் கிளாரினெட் வரிசையில் இடம் கிடைத்ததையும், பிளாஸ்டிக் கருவியை விட்டு மரத்தில் ஒன்று வாங்க நினைப்பதையும் எழுதியிருந்தாய். போலீஸ் பேண்டில் காலமெல்லாம் கிளாரினெட் ஊதியவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் தெரியாத புது மரக் கருவி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதே. அதே பணத்துக்கு, நல்ல கம்பெனியின் பழைய கருவியை, அதைப் பிரித்துப் பழுது பார்த்த ரிப்பேர்காரரிடமே வாங்கு.

மரமாக இருந்தால் நாதம் தானாக வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உள்துளையின் அளவு, விரல் துளைகளைக் குடைந்திருக்கும் நேர்த்தி, சாவிகளின் அடியில் துளையை மூடும் மெத்தைகளான பேடுகள் காற்றுப் புகாமல் உட்காரும் விதம் ஆகியவற்றுக்குப் பிறகுதான் மரத்தின் பேச்சு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வாயில் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸ் இருக்கிறது. ஆகவே வாண்டோரன் கம்பெனியின் பி45, 5ஆர்வி லைர் என்ற இரண்டு மவுத்பீஸ்களையும் கடையில் ஊதிப் பார்த்து, உனக்கு ஒத்துவருவதை இப்போதே வாங்கி, கையில் இருக்கும் பிளாஸ்டிக் கருவியில் மாட்டி ஊது. அதிலேயே மனம் நிறைந்துவிட்டால் மரக் கருவிக்கு அவசரப்பட வேண்டாம். மிச்சமாகும் பணம் உன்னுடையது.

அப்படியும் மரம்தான் வேண்டுமென்றால், யமஹா ஒய்சிஎல்-450, பஃபே கம்பெனியின் இ11, இ13 ஆகியவை உன் நிலைக்குப் பொருத்தமானவை. தொழில்முறைக் கலைஞர்கள் வாங்கும் பஃபே ஆர்13 வரை போக வேண்டியதில்லை. நீ இங்கிலாந்தில் இருப்பதால் இன்னொரு வழியும் உண்டு. பூஸி அண்ட் ஹாக்ஸ் கம்பெனி எட்ஜ்வேரில் செய்த எம்பரர் வகைக் கருவிகள் அங்கே பழைய கருவிக்கான விலையில் கிடைக்கும். அவற்றின் சாவி வேலைப்பாடு உறுதியானது. அதே கம்பெனியின் 1010 என்ற மாதிரியைப் பெருமையாகச் சொல்லி விற்க வருவார்கள். அதன் உள்துளை அகலமானது. அதற்கென்று செய்த மவுத்பீஸ் போட்டால்தான் சுருதி நிற்கும் என்பதால் உனக்கு அது வேண்டாம். உடம்பில் 'எச்.பி.' என்று பொறித்திருந்தால் அது அந்தக் காலத்து உயர்ந்த சுருதிக் கருவி; எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதே, ஏ ஸ்வரத்தை 440 அதிர்வெண்ணில் வைத்து வாசிக்கும் இன்றைய பேண்டில் அதைச் சேர்க்கவே முடியாது. ஆல்பர்ட் முறை என்ற பழைய சாவி அமைப்புள்ள கருவிகளும் கண்ணில் படும். நம் கச்சேரி வித்வான்கள் சிலருக்கு அவை உயிர். இன்று பரவலாக உள்ள போம் என்ற சாவி அமைப்பில் விரல் பழகிய உனக்கு அவற்றால் பயனில்லை.

கருவி கைக்கு வந்ததும் ஊத ஆரம்பித்துவிடாதே. மேல்துண்டைத் தனியாகக் கழற்றி, இடக்கை விரல்களாலும் கட்டைவிரலாலும் துளைகளை அடைத்து, அடிப்பக்கத்தை வலது உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மேல்முனையில் வாய் வைத்து உறிஞ்சு. உள்ளே வெற்றிடம் சில விநாடியாவது பிடித்து நின்று, கையை எடுத்ததும் 'டப்' என்று விட்டால் பேடுகள் சரியாக இருக்கின்றன; உடனே காற்று ஓடிவிட்டால் விலையோடு பேடு மாற்றும் செலவையும் கூட்டிக் கணக்குப் போடு. அடுத்து அந்தத் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லத் திருப்பிப் பார். விரிசல் பெரும்பாலும் மேல்முனையிலிருந்து, மேலே பக்கவாட்டில் இருக்கும் டிரில் சாவிகளின் துளைகளை நோக்கி மயிரிழை போல இறங்கும். எண்ணெய் பூசியிருந்தால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, நகத்தால் தடவினால் தட்டுப்படும். துளைக்குள் புகாத விரிசலைக் கைதேர்ந்தவர் ஒட்டியிருந்தால் பயப்பட வேண்டாம், அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல். இரண்டு துண்டுகளிலும் வரிசை எண் ஒன்றுதானா, நடு மூட்டு ஆடுகிறதா என்பதையும் பார்த்த பிறகு ஊது. சுருதிப் பெட்டியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, கீழ் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, விரலை மாற்றாமல், இடக்கைக் கட்டைவிரலால் அழுத்தும் பின்சாவியை மட்டும் திறந்து மேல் ஸ்தாயிக்குப் போ. ஏறிய ஸ்வரம் சுருதி விலகினால், மவுத்பீஸுக்கும் மேல்துண்டுக்கும் நடுவே வரும் பேரல் என்ற சிறு குழலை வேறு நீளத்தில் மாட்டிப் பார்க்கலாம். அதற்கும் அடங்காத கருவியை வைத்துவிட்டு வந்துவிடு.

வாங்கிய முதல் சில வாரங்கள் நாளுக்குக் கால்மணி நேரத்துக்கு மேல் ஊதக் கூடாது. நெடுநாள் பெட்டிக்குள் கிடந்த பழைய கருவிக்கும் இதே விதிதான். உன் மூச்சின் சூடும் ஈரமும் உள்பக்கத்தை விரிக்கும்போது வெளிப்பக்கம் குளிர்ந்தே இருப்பதால்தான் கிளாரினெட் செய்யும் கிரனடில்லா மரம் வெடிக்கிறது. நீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனமான மரம் என்றாலும் இந்த இழுபறியைத் தாங்காது. பனிக்காலத்தில் வெளியிலிருந்து வந்ததும் மேல்துண்டைக் கையிடுக்கில் வைத்துச் சற்றுச் சூடாக்கிவிட்டு ஊது, ஹீட்டர் பக்கம் வைக்காதே, ஊதி முடித்ததும் துணி இழுத்துத் துடைக்காமல் பெட்டியை மூடாதே.

கிரனடில்லா, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள மரமாயிற்றே, விமானத்தில் தடுப்பார்களா என்று கேட்டிருந்தாய். 2017இல் அந்தக் கட்டுப்பாடு வந்தது உண்மைதான். ஆனால் 2019 இறுதியிலேயே செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். டிசம்பரில் வரும்போது அதைக் கைப்பையிலேயே எடுத்து வா, சரக்கோடு போடாதே. மவுத்பீஸில் கட்டும் நாணல் ரீடுகள், இரண்டரை எண் கடினத்தில், ஒரு பெட்டி எனக்கும் வாங்கி வா.

அன்புடன்,
அப்பா