நீ அனுப்பிய வசனம்

மக்களே,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் மத்தேயு 6:25-ஐ அனுப்பி வைக்கிறாய். "கவலைப்படாதிருங்கள்." பெற்றவளுக்கே பிரசங்கம்! சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனத்துக்குப் பரிசு வாங்கிய பிள்ளை, எனக்குப் பெருமைதான். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாய்.

அந்த இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது மெரிம்னாஓ என்ற வினைச்சொல். பிலிப்பியர் 4:6-இல் "ஒன்றுக்கும் கவலைப்படாமல்" என்று பவுல் எழுதுவதும் அதுதான். அதே கடிதத்தில் 2:20-இல், உங்கள் காரியங்களை உண்மையாய் விசாரிக்க இவனை விட்டால் எனக்கு ஆள் இல்லை என்று தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவைப் புகழ்கிறாரே, அங்கேயும் அதே சொல். நம் பைபிளில் ஒரு இடத்தில் கவலை, இன்னொரு இடத்தில் விசாரிப்பு என்று வருவதால் வாசிக்கும்போது பிடிபடாது. அவயவங்கள் ஒன்றைக்குறித்து ஒன்று கவலையாயிருக்க வேண்டும் என்கிற 1 கொரிந்தியர் 12:25-ஐயும் சேர்த்துக்கொள். இயேசு வேண்டாம் என்றது எதை உண்போம், எதை உடுப்போம் என்று தன்னையே நினைத்து மருகுவதை. பிள்ளையை விசாரிக்காதே என்று எங்கே சொன்னார்?

இயேசுவை வீட்டுக்கு அழைத்து உபசரித்த மார்த்தாளை இழுக்காதே. அவளிடமும் இதே சொல்லைத்தான் சொன்னார், தெரியும். அவள் தங்கச்சி வேலைக்கு வரவில்லை என்று புலம்பினாள், நான் என்ன புலம்பினேன்?

பிலிப்பி சபையார் பவுலுக்கு உதவியாக அனுப்பிய எப்பாப்பிரோதீத்துவை ஞாபகம் இருக்கிறதா? சாகக் கிடந்தவன், தனக்குச் சுகமில்லாததைப் பிலிப்பியில் உள்ளவர்கள் கேள்விப்பட்டுவிட்டார்களே என்றுதான் அவனுக்கு வியாகுலம். உன்னைப் போலவே. பவுல் மறைக்கவில்லை, உள்ளதை உள்ளபடி எழுதி ஆளையும் ஊருக்கு அனுப்பி வைத்தார்.

முன்பெல்லாம் ஆபீஸ் நேரத்தில் போனைத் தொடவே மாட்டாய். இப்போது பகல் பதினோரு மணிக்கும் வாட்ஸப்பில் இருக்கிறாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. பணம் மட்டும் தேதி தவறாமல் வருகிறது, இந்த மாதம் அனுப்பாதே, அப்பா பென்ஷன் எங்களுக்குத் தாராளம். நேரத்துக்குச் சாப்பிடு. கடையில் வாங்காமல் சோறு வடித்துச் சாப்பிடு. பணம் அனுப்பாதே, சொல்லிவிட்டேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூப்பிடுவேன், எடு. அப்பா அந்த நேரம் தோப்புக்குப் போயிருப்பார்.

அம்மா