சுந்தரபெருமாள் கோவிலும் என் செமினாரும்

அன்புள்ள தேவகி,

உன் வாய்ஸ் மெசேஜை ரயிலில் வரும்போதே கேட்டுவிட்டேன். போனில் பேசியிருக்கலாம்தான், ஆனால் பேசினால் நீ நடுவில் புகுந்து கலாய்ப்பாய், நான் சொல்ல வந்ததை மறந்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். "இந்த வயசுல படம் வரையக் கத்துக்கறியா, இல்ல படத்தைப் பத்திப் பேசக் கத்துக்கறியாடி?" என்று கேட்டாயே, இரண்டாவதுதான், நான் படிப்பது கலைத் தத்துவம். அதிலும் படத்தைப் பற்றிக்கூட அதிகம் பேசுவதில்லை, படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சொல்வது நிற்குமா விழுமா என்று பேசுகிறோம். சிரிக்காதே.

முதலில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டதில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல், தலைக்குக் குளிக்கிறேன் என்று பிடிவாதம் பிடித்தால் என் பெயரைச் சொல்லித் திட்டு. இங்கே எங்களுக்கு ஒன்றும் குறையில்லை. இவருக்குத்தான் முட்டி வலி, மாடி ஏறும்போதெல்லாம் ஒரு புலம்பல்.

என் நாள் எப்படிப் போகிறது என்று கேட்டாய். பகலெல்லாம் சம்பளப் பட்டியல், யாருக்கு ஓவர்டைம், யாருக்குப் பென்ஷன் பிடித்தம் என்று எக்செல்லைப் பார்த்துக் கண் பூத்துப்போய், அப்படியே மாலை வகுப்புக்கு ஓட்டம். வேலைக்குப் போகிறவர்களுக்காகவே நடத்துகிற பகுதிநேர எம்.ஏ. கூடப் படிப்பவர்களில் ஒரு நர்ஸ் இருக்கிறார், ரிடையர் ஆன வக்கீல் ஒருவர் இருக்கிறார், மற்றவர்கள் எல்லாம் என் பையன் வயசு. வகுப்பு நடக்கிற இடம் லண்டனில் கார்டன் ஸ்கொயர் பக்கம். அங்கே 46-ஆம் எண் வீட்டில்தான் கிளைவ் பெல் குடியிருந்தார். 1914-ல் கலையைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதி ஊரையே கிளப்பிவிட்ட மனுஷன். ஒரு கலைப்பொருளை ரசிக்க வாழ்க்கையிலிருந்து எதையும் எடுத்துக்கொண்டு போகத் தேவையில்லை, அது எதைக் காட்டுகிறது, யார் செய்தார், எதற்குச் செய்தார் எதுவும் வேண்டாம், கோடும் நிறமும் அவை ஒன்றோடொன்று சேர்ந்திருக்கிற விதமும் போதும் என்கிறார். பாரசீகக் கிண்ணம், சீனக் கம்பளம், மெக்ஸிகோ சிற்பம், செஸான் ஓவியம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் உட்கார வைக்கிறார். முதலில் படித்தபோது எனக்கு ஜிவ்வென்று இருந்தது. பாரசீகம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவள்கூட அந்தக் கிண்ணத்தை ரசிக்கலாம் என்று கதவைத் திறந்துவிடுகிற கொள்கை இல்லையா? அப்புறம்தான் சந்தேகம் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

படிப்பு எப்படி நடக்கிறது என்றால், ஒரு கட்டுரையை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். இருபது முப்பது பக்கம்தான், ஆனால் ஒரு பக்கத்தைத் தாண்ட அரை மணி நேரம் பிடிக்கும். வகுப்பில் அதை ஒவ்வொரு வாதமாகப் பிரித்துப்போட்டு, எங்கே ஓட்டை என்று தேடுவோம். நம் தமிழ் வகுப்பில் நயம் பாராட்டினோமே, அந்தப் பழக்கத்துக்கு இங்கே மதிப்பெண் கிடையாது. "இந்த ஓவியம் மனதை உருக்குகிறது" என்று எழுதினேன், ஓரத்தில் பேராசிரியர் "யார் மனதை? அதற்கு ஓவியம்தான் காரணம் என்று எப்படித் தெரியும்?" என்று பென்சிலில் எழுதித் திருப்பிக் கொடுத்தார். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் நியாயமான கேள்வி.

கற்பனை உதாரணம் சொல்வதில் இவர்களுக்கு இருக்கிற குஷியைப் பார்க்கவேண்டும். ஆர்தர் டான்டோ என்று ஒரு அமெரிக்கர். 1964-ல் நியூயார்க்கில் ஆண்டி வார்ஹால் என்ற கலைஞர் பிரில்லோ சோப்புப் பஞ்சு அட்டைப்பெட்டி மாதிரியே மரத்தில் செய்து காட்சிக்கு வைத்ததைப் பார்த்துவிட்டு, கடையில் இருக்கிற பெட்டிக்கும் இதற்கும் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லையென்றால் இது மட்டும் எப்படிக் கலையானது என்று யோசிக்க ஆரம்பித்தவர். பின்னால் ஒரு புத்தகத்தில் அவர் ஒரு கண்காட்சியைக் கற்பனை செய்கிறார். சுவர் முழுக்க ஒரே மாதிரியான சிவப்புச் சதுரங்கள். ஒன்று, இஸ்ரவேலர்கள் செங்கடலைக் கடந்த காட்சி: அவர்கள் கடந்துவிட்டார்கள், எகிப்தியர்கள் மூழ்கிவிட்டார்கள். இன்னொன்று மாஸ்கோவின் செஞ்சதுக்கம். வேறொன்று நிர்வாணம், அதாவது புத்தர் சொன்னது. மற்றொன்று வெறும் சிவப்பு மேஜைவிரிப்பு. கண்ணுக்கு எல்லாம் ஒன்றே, ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு படம். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றுதான் அதைக் கலையாக்குகிறது என்பது அவர் கட்சி. கிளைவ் பெல்லுக்கு நேர் எதிர்.

சரி, இதெல்லாம் சோறு போடுமா என்று நீ கேட்பதற்குள் போலி ஓவியக் கதைக்கு வருகிறேன், அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஹாலந்தில் வான் மேகெரன் என்று ஒருவர், 1937-ல் பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்தது மாதிரி ஒரு ஏசு படத்தை வரைந்து, பெரிய நிபுணர் ஒருவரே "வெர்மீரின் தலைசிறந்த படைப்பு" என்று சான்று கொடுக்கும்படி செய்துவிட்டார். ராட்டர்டாம் மியூசியம் அதை வாங்கி மாட்டியது. போர் முடிந்ததும், நாஜித் தலைவர் கோரிங்கிடம் ஒரு வெர்மீரை விற்ற குற்றத்துக்காக அவரைக் கைது செய்தார்கள். தேசத்துரோக வழக்கு. தப்பிக்க அவருக்கு இருந்த ஒரே வழி, "அது வெர்மீரே இல்லை, நான் வரைந்தது" என்று சொல்வது. நம்பவில்லை, காவலில் இருந்தபடியே இன்னொன்று வரைந்து காட்டினார்! கேள்வி என்னவென்றால், நேற்றுவரை கண்ணீர் மல்கப் பார்த்த அதே படம் இன்று எப்படி மட்டமாகிவிட்டது? படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லையே. நெல்சன் குட்மன் என்ற தத்துவவாதி 1968-ல் இதற்கு நல்ல பதில் சொன்னார். போலி என்று தெரிந்தபிறகு நாம் பார்க்கக் கற்றுக்கொள்கிறோம், இன்று தெரியாத வித்தியாசம் நாளைக்குத் தெரியலாம் என்ற எண்ணமே இன்றைய பார்வையை மாற்றிவிடுகிறது என்றார். இப்போது யார் பார்த்தாலும் அந்த வான் மேகெரன் முகங்களில் வெர்மீரின் சாயல் இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

இந்த இடத்தில்தான் வகுப்பில் வாயைத் திறந்தேன். சுந்தரபெருமாள் கோவில் திருமங்கையாழ்வார் கதை உனக்குத் தெரியும்தானே, உங்கள் ஊரிலிருந்து எட்டிப்பார்த்தால் தெரிகிற தூரம். பதினாறாம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனி, வாளும் கேடயமுமாக நிற்கிறார். ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் மியூசியம் 1967-ல் லண்டனில் சதபீஸ் ஏலத்தில் வாங்கியது. அதே சிலை 1957-ல் கோவிலில் இருந்ததைக் காட்டுகிற போட்டோ புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துச் சேகரிப்பில் இருந்தது. 2019-ல் ஒரு ஆய்வாளர் சொல்லப்போக, மியூசியமே இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவித்தது. நம்மூர் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு போய்ப் பார்த்தால், கோவிலில் பூஜையில் இருந்தது நகல். 2024-ல் சிலையைத் திருப்பித் தருவதற்குப் பல்கலைக்கழகம் சம்மதித்தது.

நான் இவரோடு ஆக்ஸ்ஃபோர்டு போயிருந்தபோது, இதெல்லாம் தெரியாத காலத்தில், கண்ணாடிக்குப் பின்னால் அந்த ஆழ்வாரைப் பார்த்திருக்கிறேன். மாலை இல்லை, வஸ்திரம் இல்லை. இடுப்பின் வளைவிலிருந்து விரல் நுனிவரை முழு உருவமும் ஒளிவெள்ளத்தில் தெரிந்தது. நம் கோவிலில் உற்சவரை இப்படிப் பார்த்திருக்கிறோமா? பட்டுக்கும் பூவுக்கும் நடுவே முகம் தெரியும், கை தெரிந்தால் அதிர்ஷ்டம், அதுவும் தீபாராதனை காட்டுகிற அந்த நொடிதான். சிற்பம் என்று பார்த்தால் மியூசியத்தில்தான் சிற்பமே தெரிகிறது. பெல் இருந்தால் கைதட்டியிருப்பார். 1790-லேயே ஜெர்மன் தத்துவவாதி கான்ட்டும் அதைத்தான் வேறு மாதிரி சொன்னார்: இது எனக்கு வேண்டும், எனக்கு உதவும் என்ற எண்ணம் துளியும் கலக்காத இன்பம்தான் அழகை உணர்கிற இன்பம் என்று. நாம் என்னடா என்றால் பையனுக்கு விசா கிடைக்கணும் பெருமாளே என்று வேண்டிக்கொண்டே பார்க்கிறவர்கள்.

வகுப்பில் வக்கீல் ஐயா கேட்டார்: "உங்கள் ஊர்க்காரர்களுக்கு நகல் என்று தெரியவே இல்லையே, அப்படியானால் அவர்கள் என்ன இழந்தார்கள்?" கொஞ்ச நேரம் பதில் வரவில்லை. அப்புறம் சுவாமிமலை ஞாபகம் வந்தது. நாம் காலேஜில் படிக்கும்போது ஸ்தபதி பட்டறைக்குக் கூட்டிப்போனார்களே, தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, காவிரி வண்டலை மேலே பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். தென்னை ஓலையை மடித்து மடித்து, தாளம் என்கிற சிற்ப அளவாகப் பிரித்து அளப்பதையும் காட்டினார்கள். அந்த வேலையில் போலி என்ற பேச்சே வராது. திருமங்கையாழ்வார் எப்படி நிற்கவேண்டும் என்று இலக்கணம் இருக்கிறது, அதன்படி இன்றைக்கும் ஒருவர் செய்யலாம், அது ஆழ்வார்தான். பழைய திருமேனி பின்னமானால் புதிதாகச் செய்து பிரதிஷ்டை பண்ணத்தானே செய்கிறோம்? அதனால், நகல் செய்தது குற்றமே இல்லை, சொல்லாமல் மாற்றி வைத்ததுதான் குற்றம் என்றேன். வான் மேகெரன் விஷயத்தில் வெர்மீரின் கை இல்லை என்பதுதான் இழப்பு. இங்கே யாருடைய கை என்று யாரும் கேட்டதே கிடையாது, செய்தவர் பெயர் எங்கேயும் இல்லை. இழந்தது தலைமுறை தலைமுறையாக அபிஷேகமும் புறப்பாடும் கண்ட அந்தத் திருமேனியோடு ஊருக்கு இருந்த உறவை. அது கண்ணுக்குத் தெரியாது என்பதால் இல்லாமல் போய்விடுமா? டான்டோவின் சிவப்புச் சதுரத்தைவிட இது நல்ல உதாரணம் என்று எனக்கு ஒரு கர்வம்கூட வந்தது. பேராசிரியர் தலையாட்டிவிட்டு, "உறவு முக்கியம் என்றால் அது அழகியல் காரணமா, அறக் காரணமா?" என்று அடுத்த ஆப்பை வைத்தார். இந்தப் பருவத்துக் கட்டுரையே இப்போது அதுதான். என் சாய்வு, இரண்டையும் அப்படிக் கூறுபோட முடியாது என்பது. பெல் சொன்னபடி வெறும் உருவமாகப் பார்க்க என்னால் முடிந்தது உண்மை, ஆனால் திருடப்பட்டது என்று தெரிந்தபிறகு அந்தப் பார்வைக்குத் திரும்பிப் போக முடியவில்லை. முயன்று பார்த்தேன்.

ஒரு குறை இருக்கிறது. பாடத்திட்டம் முழுக்க ஐரோப்பாவும் அமெரிக்காவும்தான், கலை எழுப்புகிற உணர்ச்சிகளைப் பற்றிய பரதரின் ரசக் கொள்கைக்குப் போனால் போகிறது என்று ஒரே ஒரு வாரம். கதையில் வருகிறவர் உண்மையில் இல்லை என்று தெரிந்தும் ஏன் அழுகிறோம் என்று இங்கே 1970-களில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கட்டுரைகளைப் படிக்கிறபோதெல்லாம் நம் தமிழய்யா மனப்பாடம் பண்ண வைத்த தொல்காப்பிய மெய்ப்பாட்டியல்தான் நாக்கில் வருகிறது, "நகையே அழுகை இளிவரல் மருட்கை..." அழுகை என்றால் ஒரே அழுகை இல்லை, இளிவு, இழவு, அசைவு, வறுமை என்று நாலு வகைக் காரணம் பிரித்து வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு மார்க்குக்காகப் படித்தோம். உன்னிடம் பழைய உரைப் புத்தகம் இருந்தால் அந்த இயலை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு, இளம்பூரணர் உரையாக இருந்தால் ரொம்ப நல்லது.

உன் பெண் விஷயம். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. முடித்ததும் இதைப் படிக்கலாமா என்று கேட்கிறாள் என்றாய். தாராளமாகப் படிக்கலாம், அதற்காக இங்கே வந்து கடனில் விழவேண்டாம். பரோடாவில் எம்.எஸ். பல்கலைக்கழகக் கவின்கலைப் புலத்தில் கலை வரலாறும் அழகியலும் சேர்ந்த துறையே இருக்கிறது, டெல்லி ஜே.என்.யூ.விலும் கலை, அழகியல் படிப்புக்கென்று தனிப் புலம் இருக்கிறது. இரண்டும் நல்ல இடம். கையில் தொழில் இருக்கிறவள் தத்துவம் படித்தால் எங்களை மாதிரி வெறும் வாய்ப்பந்தல் போடமாட்டாள். மெழுகு விரலில் எப்படி ஒட்டும் என்று தெரிந்தவள் வகுப்பில் ஒருத்தி இருந்திருந்தால் எனக்கே அன்றைக்கு எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! ஆனால் இங்கிலீஷில் நீளமாகப் படிக்கிற பழக்கத்தை இப்போதே ஆரம்பிக்கச் சொல், அங்கேதான் நம் பிள்ளைகள் திணறுகிறார்கள். வேலை கிடைக்குமா என்று நீ கேட்பது புரிகிறது. நேரடியாகக் கிடைக்காது. மியூசியம், பதிப்பகம், கற்பித்தல் என்று சுற்றி வளைத்துத்தான் போகவேண்டும். அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

கடைசியாக ஒரு உதவி. உன் நாத்தனாரைச் சுந்தரபெருமாள் கோவிலில்தானே கொடுத்திருக்கிறார்கள், அவர் மாமியாருக்கு எண்பது இருக்குமா? பூஜையில் இருந்தது நகல் என்று தெரிந்த அன்றைக்கு அங்கே என்ன பேசிக்கொண்டார்கள், இத்தனை நாள் யாரைச் சேவித்தோம் என்று யாருக்காவது தோன்றியதா, இல்லை அதெல்லாம் ஒன்றுமில்லை, எல்லாம் ஆழ்வார்தான் என்று விட்டுவிட்டார்களா என்று மெதுவாகக் கேட்டுச் சொல்கிறாயா? பெயர் எதுவும் போடமாட்டேன். கட்டுரையை மே மாதம் கொடுக்கவேண்டும், ஏப்ரலுக்குள் கிடைத்தால் சேர்த்துக்கொள்வேன்.

அன்புடன்,
கலா