அந்த 60 நாளை எங்கள் மழையைப் பார்த்துக் குறியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூறு நாள் வேலை வந்த பிறகுதான் வயலுக்கு ஆள் கிடைப்பதில்லை என்று போன வாரம் ஒரு வாசகர் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். ஆள் கிடைக்காதது உண்மை. ராமநாதபுரம் மாவட்டம் திருப்பாலைக்குடிக்குப் பக்கத்தில், கடல் காற்று அடிக்கிற தூரத்தில் மூன்று ஏக்கர் குண்டு மிளகாயும் நாலு ஏக்கர் மானாவாரி நெல்லும் போடுகிறவன் நான். மாசி பிறந்துவிட்டால் ஆள் தேடி ஊர் ஊராக அலைகிறேன். ஆனாலும் பழி முழுவதையும் நூறு நாள் வேலையின் தலையில் போடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வயல் வேலை மும்முரமான காலத்தில் அந்த வேலையை 60 நாள் நிறுத்தச் சொல்லும் புதிய சட்டத்தைப் பற்றியும் ஒரு கோரிக்கை இருக்கிறது.

எங்கள் பக்கத்து வேலைக்கணக்கே வேறு. காவிரித் தண்ணீரை நம்பி நாற்றுவிட்டு நடுகிற பூமி இல்லை இது. ஆவணி, புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்போம். ஐப்பசி மழையில் கண்மாய் பெருகினால் கார்த்திகை, மார்கழியில் களையெடுப்பு. தையில் அறுப்பு. மாசியிலிருந்து சித்திரை வரை மிளகாய்ப் பழம் எடுப்பு. வைகாசி பிறந்தால் அடுத்த விதைப்பு வரை வயலில் ஒரு வேலையும் கிடையாது. சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற இடத்தில் சில பேருக்கு வேலை கிடைக்கும், அவ்வளவுதான். அந்த மாதங்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் வீட்டில் அடுப்பு எரிவது நூறு நாள் வேலையால்தான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நெல்லுக்கு ஆள் பிரச்சினை பாதி தீர்ந்துவிட்டது. தை பிறந்ததும் வெளி மாவட்டத்து அறுவடை மெஷின்கள் வந்து இறங்கிவிடுகின்றன. ஈரம் காயாத வயலுக்கு பெல்ட் வண்டி. வாடகை கூடத்தான், ஆனால் வேலை முடிந்துவிடுகிறது.

மிளகாய்க்கு அந்த வழி இல்லை. ஒரே செடியில் பூ, பிஞ்சு, காய், பழம் எல்லாம் ஒன்றாக நிற்கும். அதில் பழுத்ததை மட்டும் பார்த்து, கிளை ஒடியாமல், காம்போடு கிள்ள வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் அதே செடிக்குத் திரும்ப வர வேண்டும். முழங்கால் உயரச் செடி என்பதால் காலை ஆறு மணியிலிருந்து குனிந்த தலை நிமிராது. ஆள் வராமல் ஒரு எடுப்பு தள்ளிப்போனால் பழம் செடியிலேயே வெம்பிவிடும். களத்தில் எவ்வளவு பக்குவமாகக் காயப்போட்டாலும் அந்த வத்தல் வெளுத்துச் சோடையாகத்தான் நிற்கும். சந்தையில் ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு வியாபாரி விலையைப் பாதியாக்கிவிடுவார். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அந்தப் பெயரைக் காப்பாற்றுவது இந்தக் கைகள்தான்.

அவை யாருடைய கைகள் என்று சொல்கிறேன். என் வயலுக்கு வருகிற எட்டுப் பேரும் பெண்கள். இளையவருக்கு 46 வயது, மூத்தவர் 68-ஐத் தாண்டியவர். சேலைக்கு மேல் மகனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வருவார். வேலை முடிந்து கையைக் கழுவினாலும் எரிச்சல் போகாது. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருப்பார். ராத்திரி பேத்தியைத் தொட்டுத் தூக்க முடியாது தம்பி என்று ஒருமுறை சொன்னார். அவருடைய மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில், மகன் வளைகுடா நாட்டில். அவர்கள் இந்த வேலைக்குத் திரும்ப வருவார்களா? நூறு நாள் வேலை இல்லாவிட்டாலும் வரமாட்டார்கள்.

கூலியையும் சொல்லியாக வேண்டும். எங்கள் சுற்று வட்டாரத்தில் ஆணுக்கு 700 ரூபாய், பெண்ணுக்கு 300. வரப்பு வெட்டுவதும் பழம் எடுப்பதும் வேறு வேறு வேலை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் களத்தில் வத்தல் அள்ளி மூட்டை பிடிக்கிற வேலையை இருவரும் ஒன்றாகத்தான் செய்கிறார்கள். அதற்கும் 700, 300 தான். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. போன வருஷம் களத்து வேலைக்கு மட்டும் இருவருக்கும் ஒரே கூலி கொடுத்தேன். கூலியைக் கெடுக்கிறான் என்று பக்கத்து வயல்காரர்கள் வருத்தப்பட்டார்கள். நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். நாம் அதைவிடக் குறைத்துக் கொடுத்துவிட்டு ஆள் வரவில்லை என்று சொல்வது எப்படி நியாயம்?

இன்னொன்று, வண்டி. உள்ளூரில் ஆள் போதாமல் நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊரிலிருந்து பத்துப் பேரை ஒரு குட்டியானையில் ஏற்றிவரச் சொன்னேன். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்புகிற இடத்தில் வண்டி சாய்ந்துவிட்டது. ஒரு அக்காவுக்கு முழங்கை முறிந்தது. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. ஏற்றினால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது. வைத்தியச் செலவை நான்தான் பார்த்தேன். ஆனால் அந்தக் கை இன்றைக்கும் முழுசாக மடங்குவதில்லை. அவர் அப்புறம் வேலைக்கு வரவே இல்லை. பார்க்கிறபோதெல்லாம் எனக்கு முகம் கொடுத்துப் பேச முடிவதில்லை. வேன் வைத்தால் செலவு கூடும்தான். நாலைந்து விவசாயிகள் சேர்ந்தால் கட்டுப்படியாகும், இரண்டு வருஷமாக அப்படித்தான் செய்கிறோம்.

சரி, இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 125 நாள் வேலை என்கிறது. கூடவே, விதைப்பும் அறுவடையும் மும்முரமாக நடக்கிற காலத்தில் மொத்தம் 60 நாள் அந்த வேலை நடக்கக் கூடாது என்றும், அது எந்த 60 நாள் என்பதை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இடத்துக்கு இடம் தனித்தனியாக அறிவிக்கவும் அதில் வழி இருக்கிறது.

என் பயமெல்லாம் இங்கேதான். சென்னையில் உட்கார்ந்து குறுவையையும் சம்பாவையும் மனதில் வைத்து மாநிலம் முழுவதற்கும் ஒரே தேதியைக் குறித்துவிட்டால் எங்கள் பக்கம் என்ன ஆகும்? ஆனி, ஆடியில் டெல்டாவில் குறுவை நடவு மும்முரம். அதே ஆனி, ஆடியில் எங்கள் வயல் வெடித்துக் கிடக்கும். அப்போது அரசு வேலையையும் நிறுத்தினால் இந்தப் பெண்களுக்கு இரண்டு பக்கமும் கதவு அடைபட்டுவிடும். 60 நாளும் அங்கேயே தீர்ந்துவிட்டால் மாசி, பங்குனியில் அரசு வேலை நடக்கும், எனக்கும் ஆள் கிடைக்காது. மீன்பிடித் தடைக்காலத்தைக் கிழக்குக் கரைக்கு ஒரு தேதி, மேற்குக் கரைக்கு வேறு தேதி என்று பிரித்துத்தானே வைத்திருக்கிறார்கள்? மீனுக்குப் பார்க்கிற பருவத்தை மிளகாய்க்கும் பார்க்கலாம்.

ஆகவே எங்கள் வட்டாரத்துக்குப் புரட்டாசியில் விதைப்புக்குக் கொஞ்ச நாள், தையில் அறுப்புக்குக் கொஞ்ச நாள், மீதியைப் பழம் எடுப்புக்கு என்று பிரித்துக் குறிக்க வேண்டும். வைகாசியிலிருந்து ஆடி வரை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. நிறுத்துகிற நாட்களில் எங்களைப் போன்ற விவசாயிகள் கொடுக்கிற கூலி அரசுக் கூலியைவிடக் குறையக் கூடாது என்பதையும் அந்த அறிவிப்பிலேயே சேர்க்க வேண்டும். எனக்கும் அது செலவுதான், தெரிந்தேதான் கேட்கிறேன். விவசாய வேலைக்கு அரசு வைத்திருக்கிற குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று எங்கள் ஊரில் கொடுக்கிறவருக்கும் தெரியாது, வாங்குகிறவருக்கும் தெரியாது. அதைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் எழுதிப் போடட்டும். விவசாயக் கூலிகளுக்கும் உதவுகிற அரசின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினராக 65 வயது வரைதான் என்று இருக்கிற வரம்பையும் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். என் வயலுக்கு வருகிற அந்த அம்மா அதைத் தாண்டிய பிறகும் வெயிலில்தான் நிற்கிறார்.

கலெக்டர் ஆபீசில் நடக்கும் அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கப் போகிறேன். கடலாடி, முதுகுளத்தூர், திருவாடானைப் பக்கத்து விவசாயிகள் இதைப் படித்தால், உங்கள் ஊரில் எந்த மாதம் வேலை மும்முரம், எந்த மாதம் சும்மா இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள். வயலுக்கு வருகிற பெண்களில் ஒருவரையாவது உடன் அழைத்து வாருங்கள். நான் அந்த அம்மாவைக் கேட்டிருக்கிறேன். எடுப்பு இல்லாத நாளாக இருந்தால் வருகிறேன் என்றார்.

இப்படிக்கு,
ஒரு மிளகாய் விவசாயி,
திருப்பாலைக்குடி அருகில்,
ராமநாதபுரம் மாவட்டம்.