சுரங்கத்துக்குள் இறங்கிய உறுப்பினர்

ஐயா,

வேல்ஸில் அபர்டேர் ஊரில் செவிலியராக இருக்கிறேன். 2023 ஜூலையில் 86 வயதில் மறைந்த ஆன் குளூயிட், 1984 முதல் 2019 வரை எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். இராக்கில் குர்துக்கள் பட்ட கொடுமைகளைப் பற்றி ஓயாமல் பேசியவர் என்று பலர் அறிவார்கள். ஆனால் இங்குள்ள பெரியவர்கள் முதலில் சொல்வது 1994 கதையைத்தான். டவர் நிலக்கரிச் சுரங்கத்தை மூட முடிவானபோது, அப்போது 57 வயதான அவர் கீழே இறங்கி, 27 மணி நேரம் மேலே வர மறுத்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் தொழிலாளர்களே ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டுச் சுரங்கத்தை வாங்கி, 2008 வரை நடத்தினார்கள். நான் கட்டுப்போடும் முதியவர் ஒருவர் இதைச் சொல்லும்போதெல்லாம் கரிவடு படிந்த கையை விரித்துக் காட்டுவார்.

எனக்கு அதைவிடப் பெரிது அவர் கொண்டுவந்த 2003 சட்டம். சிறுமிகளை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிறப்புறுப்பைச் சிதைப்பதும் அதன்படி குற்றம். 14 ஆண்டுவரை சிறை. எங்கள் பயிற்சியில் இச்சட்டத்தைச் சொல்லித்தந்தார்கள், அவர் பெயரைச் சொல்லவில்லை. வரும் ஜூலை 21 நினைவு நாளில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிடுங்கள்.

வாசகி,
அபர்டேர், வேல்ஸ்