கர்னலுக்குள் எதை அனுமதிப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இயங்குதளங்களின் வளர்ச்சி பற்றிய கட்டுரை படித்தேன். டாஸ் காலக் கறுப்புத் திரை தொடங்கி தொடுதிரை வரை, கண்ணுக்குத் தெரியும் மாற்றங்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் மிகப் பெரிய மாற்றம் திரைக்கு அடியில் நடந்தது: ஒரு நிரலின் தவறு மற்ற நிரல்களையும் இயங்குதளத்தையும் கெடுக்காதபடி பிரித்துவைப்பது. அதற்கு ஒரு வரிகூட ஒதுக்காதது பெருங்குறை.

1981-இல் வந்த எம்எஸ்-டாஸில் நிரல்களுக்கு வேலியே கிடையாது. ஓடும் நிரல் மெமரியில் எங்கு வேண்டுமானாலும் எழுதலாம், டாஸ் இருக்கும் இடத்தில்கூட. ஒரு பாயிண்டர் (மெமரியின் ஓர் இடத்தைச் சுட்டும் முகவரி) தவறினால் இயந்திரமே நின்றுவிடும். விண்டோஸ் 3.1-இல் ஒரு நிரல் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு முறை வரும். அது முடிவில்லாத லூப்பில் சிக்கினால் மற்றவையும் உறைந்துபோகும். விண்டோஸ் 95 நேரத்தைத் தானே பங்கிட்டது. ஆனாலும் பழைய 16-பிட் நிரல்களை ஒன்று மற்றதைக் கெடுக்கக்கூடியபடி ஒரே முகவரிப் பரப்பில்தான் (பொதுவான மெமரிப் பகுதியில்) போட்டுவைத்தது.

தீர்வு தெரியாமல் இல்லை. யூனிக்ஸ் 1970-களிலேயே நிரல்களைப் பிரித்து ஓட்டியது. இன்டெல் 80386 சிப் 1985-லேயே அதற்கான வசதியைத் தந்தது. தடையாக இருந்தவை பழைய நிரல்களும் ராமும்தான். 1993-இன் விண்டோஸ் என்டி 3.1-க்குக் குறைந்தது 12 எம்பி ராம் வேண்டும். விண்டோஸ் 95-க்கு 4 எம்பி போதும். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியும் மேக் ஓஎஸ் எக்ஸும் வந்த பிறகே வீட்டுக் கணினிகளுக்கு முழுப் பாதுகாப்பு கிடைத்தது.

அதுவும் நிரல்களுக்கு மட்டும். டிரைவர்களில் (பெரும்பாலும் வன்பொருளை இயக்கும் மென்பொருள்கள்) பெரும்பாலானவை இன்றும் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னலுக்குள்ளேயே ஓடுகின்றன. அங்கே ஒரு பிழை நேர்ந்தால் கணினி முழுவதும் நின்றுவிடலாம். வேகத்துக்காக 1996-இல் என்டி 4.0 கிராபிக்ஸைக் கர்னலுக்குள் கொண்டுபோனது. பின்னர் வந்த விண்டோஸ் விஸ்டா, டிஸ்ப்ளே டிரைவரின் பெரும்பகுதியை மறுபடி வெளியே எடுத்தது. கிராபிக்ஸ் சிப் 2 விநாடி பதில் தராவிட்டால் அதை மட்டும் மீட்டமைக்கவும் வழி செய்தது. என் பார்வையில் அது சரியான திசை. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் டிரைவர் எல்லை மீறி மெமரியைப் படித்ததால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அவற்றில் பலவற்றில் ஒவ்வொரு கணினியாகச் சேஃப் மோடுக்குப் (குறைந்தபட்ச டிரைவர்களோடு தொடங்கும் முறை) போய்ப் பழுதான கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. பாதுகாப்பு மென்பொருளானாலும் கர்னலுக்குள் இருப்பது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது.

விண்டோஸ் முடங்கியதைச் சொல்லும் நீலத்திரை வந்ததும் பலர் விண்டோஸை மறுபடி நிறுவ ஓடுகிறார்கள். தேவையில்லை. நீலத்திரையில் எஸ்ஒய்எஸ் (.sys) என முடியும் கோப்புப் பெயர் தெரிந்தால் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அது ஒரு டிரைவர். ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வழியாகப் போய், மறுபடி தொடங்கியதும் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோடு. அங்கே அடிப்படை டிரைவர்கள் மட்டுமே ஏறும். கணினி அதில் ஒழுங்காக ஓடினால், அண்மையில் புதுப்பித்த டிரைவரை டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' செய்யுங்கள் (முந்தைய பதிப்புக்குத் திருப்புங்கள்). சேஃப் மோடிலும் நின்றுபோனால் வன்பொருளையும் சந்தேகிக்க வேண்டும். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டி ராமைச் சோதியுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புத் துறை வாசகர்